எலியும் பவளமும்: ஓர் ஒப்பீடு

மார்ச் 17, திங்கள்

மூன்று வாரமாக அடுக்களைப் பரணிலிருந்து எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவன் இன்று மாட்டினான். பொறியில் வைத்தது சாளைக் கருவாட்டுத் தலை. நல்ல கறுப்பு, வால் உடம்பைவிட நீளம், கண்ணில் பயமே இல்லை. துரை என்று பெயர் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் கூண்டுக்கு மாற்றினேன். எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவன் வெறுங்கையால் எலியைத் தொடமாட்டான்.

கோடைக் கண்காட்சிக்கு இவன்தான் கதாநாயகன். எங்கள் கடல் காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பவளம் ஒரு கல் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அது பிராணி என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு பிராணியை வைத்து, இதற்கு இருப்பதில் எது அதற்கும் உண்டு, எது இல்லை என்று வரிசையாகக் காட்டினால் நம்புவார்கள். மேலாளர் பொன்ரதி மேடத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. கண்காட்சி நன்றாக நடந்தால் என் ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்குவதாக வாய்விட்டே சொன்னார்கள்.

ஒரே நிபந்தனை, கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து வெள்ளெலி வாங்க வேண்டும். கல்லூரியில் கையை விரித்துவிட்டார்கள். மேடத்திடம் அதைச் சொல்லவில்லை. வெள்ளெலியை எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? வீட்டெலிதான் சரி. திறப்பு நாளன்று நேரில் பார்த்தால் மேடமும் ஒத்துக்கொள்வார்கள். அதுவரை துரை எங்கள் வீட்டு முற்றத்தில் இருப்பான்.

வீட்டில் எலி வளர்ப்பதா என்று மனைவி அமலி இன்று என்னோடு பேசவில்லை.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பூசை முடிந்து வரும் வழியில் பெரிய அதிர்ஷ்டம். கடற்கரைச் சாலையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பவளக்கல். நம் ஊரில் ஒரு காலத்தில் கடலிலிருந்து வெட்டி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள். இடிக்கிறவரிடம் கேட்டு இரண்டு சாக்கு அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

ஒரே தொல்லை, கல்லின் கண்களில், அந்தச் சிறு துளை ஒவ்வொன்றிலும், சுண்ணாம்புக்காரை அடைத்துக் கிடக்கிறது. தேய்த்தெடுக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. அமலி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், ஊசி நுனியில் வேலை பார்க்கிறவள். பேச்சும் சமாதானமாகிவிட்டது, வேலைக்கும் ஆள் கிடைத்துவிட்டது. சாயங்காலம் முற்றத்துக் குழாயடியில் மணையைப் போட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

பலகைக்கு எழுதியது:

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பவளத்தின் கல்கூடும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

எலிக்கு வாய் ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். பவளத்துக்கு இரண்டும் ஒரே வழி.

எலிக்கு ஆபத்து வந்தால் ஓடும், கத்தும், கடிக்கும். பவளம் ஓடாது. கடல் சூடேறினால் தன் உடம்புக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்து நிற்கும். அதன் நிறத்தைப் பார்த்துத்தான் நோவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி வரியை மட்டும் மூன்று முறை திருத்தினேன். நன்றாக வந்திருக்கிறது.

காலையும் மாலையும் துரையின் கூண்டுத் தட்டைக் குழாயடியில் கவிழ்த்துக் கழுவுகிறேன். வைக்கோல், புழுக்கை, மூத்திரம் எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் போய்விடும். சாக்கடை கொஞ்சம் அடைத்திருப்பதால் தண்ணீர் தேங்கி மெதுவாகத்தான் வடிகிறது. அமலி கையைக் காட்டினாள். பவளக்கல் முனை பட்டு விரல் எல்லாம் பூனை பிறாண்டியது போல இருக்கிறது. காலிலும் அப்படித்தான். கையுறை இருந்தால் கொடுங்க என்றாள். இருப்பது ஒரு ஜோடி, அது துரைக்கு. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

ஜெரால்டு வந்தான். அமலியின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எங்களுக்குப் பிள்ளையில்லை, அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே வாரம் ஒருமுறை வந்து எனக்குப் புத்தி சொல்வது அவனுக்குப் பொழுதுபோக்கு.

கூண்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான். "எலிய வெரட்ட ஆளு வைப்பாவ. நீரு சோறு போட்டு வளக்கீரு. ஒமக்குக் கிறுக்கா அத்தான்?"

விலங்கியல் தெரியாதவனோடு என்ன பேசுவது? அவனுக்குப் பவளம் என்றால் மோதிரக் கல். அமலிதான் நடுவில் புகுந்து, கண்காட்சி முடிந்தால் அத்தானுக்கு வேலை நிரந்தரம், அதுவரை வாயை மூடு என்று அவனை அடக்கினாள். ஒருசந்தி இருந்துகொண்டு அவனுக்கு மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். அவள் தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி. மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. நான் வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் ஞாபகம் இருந்தால்.

மார்ச் 28, வெள்ளி

காட்சியகத்தில் பவளத் தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் மக்கர் பண்ணுகிறது. தண்ணீர் 29 டிகிரியைத் தாண்டிவிட்டது. மான்கொம்புப் பவளத்தின் நுனிகள் வெளிறின மாதிரி ஒரு சந்தேகம். நாள் முழுக்க அங்கேயே நின்றேன்.

அமலிக்குக் காய்ச்சல். உதறி உதறி அடித்ததாம். ஒருசந்தி அலுப்பு, வெயில் வேறு. ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டுச் கோவிலில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

கோவில் படி இறங்கும்போது அமலி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் முன்னால் அப்படிச் செய்கிறவள் அல்ல. கெண்டைக்கால் தொட்டாலே உயிர் போகிறதாம். தையல் இயந்திரத்தை மிதித்து மிதித்து வந்த வலி என்று நான் சொன்னேன். இருபது வருசமா மிதிக்கேன் என்றாள்.

ஒருசந்தியை விடச் சொன்னேன். பாதியில் விட்டால் நேர்ச்சை வீண் என்றாள். என்ன நேர்ச்சை என்று கேட்டேன். சொல்லவில்லை. என் வேலைக்காகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பலகைக்கு ஒரு அருமையான குறிப்பு கிடைத்தது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அமைப்பு அப்படி. உள்ளே போனது போனதுதான். பவளமோ வேண்டாததை உண்ட வாயாலேயே வெளியே தள்ளிவிடும். பிள்ளைகள் இதைக் கேட்டால் குதிப்பார்கள்.

அமலி காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு. ஆனாலும் மிச்சமிருந்த ஐந்து கல்லையும் தேய்த்து முடித்துவிட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அழுத்திச் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவள் கண் செக்கச் செவேலென்று இருக்கிறது. மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் பரவுகிறது என்கிறார்கள். ஆனால் பீளை இல்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது.

தொட்டி 30.2.

ஏப்ரல் 3, வியாழன்

தொட்டி 30.6. இயந்திரக்காரன் நாளை வருகிறேன் என்று மூன்றாவது நாளாகச் சொல்கிறான். வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. அமலி விளக்குப் போடாமல் படுத்திருந்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கண் மஞ்சளாகிவிட்டது. காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். உள்ளங்கையும் மஞ்சள்.

பக்கத்து வீட்டு செல்வராணி பார்த்த மாத்திரத்தில் காமாலை என்றாள். இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டால் ஈரல் வெந்துபோகும், கீழநாட்டுக் குறிச்சியில் ஒருவர் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறார், மூன்று நாள் வெறும் வயிற்றில் மோரில் குடிக்க வேண்டும், உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்றாள். நானும் சரி என்றேன். காமாலைக்கு ஓய்வுதான் மருந்து என்பது படித்தவனுக்கும் தெரிந்ததுதானே. ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தேன். வழியில் தொட்டியையும் பார்த்துவிட்டு வந்தேன். இயந்திரம் ஓடுகிறது. 28.9. மனது லேசாகிவிட்டது.

ஏப்ரல் 5, சனி

உப்பில்லாக் கஞ்சி இரண்டு வாய் குடித்தாள். மூத்திரம் கறுப்புக் காப்பி போல வந்ததாம். அதுவும் காலையில் ஒரு தடவை. அப்புறம் இல்லை.

துரைக்கு நல்ல பசி. தேங்காய்ச் சில்லு வைத்தேன். காமாலைக்காரி இருக்கும் வீட்டில் இவ்வளவு சத்தமாகக் கொறிக்கக் கூடாது. கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். மூடும் முன் துரை கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி என்னைப் பார்த்தான். ஏதோ ஒன்று நெஞ்சில் தட்டியது. என்னவென்று யோசிக்க விருப்பமில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் ஜெரால்டு வந்தான். பச்சிலை டம்ளரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். டம்ளரை முற்றத்தில் வீசிவிட்டு அவளை அப்படியே தூக்கிக் காரில் போட்டான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரி. டாக்டர் ஹசீனா என்று ஒரு சின்ன வயதுப் பெண். நிதானமானவர். ஈரல் மட்டுமல்ல, சிறுநீரகமும் பாதித்திருக்கிறது, இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, டெங்குவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், சோதனை முடிவு வர வேண்டும் என்றார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெளியூர் போனீர்களா, ஆற்றில் குளித்தீர்களா, மாடு உண்டா.

"வீட்ல எலி உண்டா?"

அமலி கண்ணைத் திறந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இல்ல டாக்டர். சுத்தமான வீடு" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஜெரால்டு மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நானும் இல்லை என்றேன்.

வீட்டில் எலி இல்லைதான். இருப்பது கூண்டில், காட்சிக்கு. அமலியின் கையைத் திருப்பிப் பார்த்து இதென்ன கீறல் என்று கேட்டார். பாத்திரம் தேய்த்தது என்றேன். என் கையை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்னும் சொல்லவில்லை.

அதே நாள், மத்தியானம்

மேடம் போனில் கூப்பிட்டார்கள். பலகை அச்சாகி வந்துவிட்டதாம், மிக அழகாக இருக்கிறதாம், வெள்ளெலி எப்போது வரும் என்று கேட்டார்கள். வந்துவிடும் என்றேன்.

எப்படியும் ஏதாவது ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் முதலில் சுகாதார ஆய்வாளர் வருவார். காட்சியகத்துக்கு வீட்டெலியைக் கொண்டுபோக இருந்தவன் என்று மேடத்துக்குத் தெரிந்துவிடும். அவள் நோய்க்கு நான்தான் காரணம் என்று ஜெரால்டுக்கும் தெரிந்துவிடும். சோதனை முடிவு வரட்டும். டெங்குவாகவே இருக்கலாம். ஊரில் டெங்கு இருக்கிறது.

எலி மூத்திரத்தில் என்ன கிருமி இருக்கும் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். காயத்தின் வழியாக ஏறும் என்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

டெங்கு இல்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. அமலிக்கு மூச்சு வாங்குகிறது. கூப்பிட்டால் அரைகுறையாகத் திரும்புகிறாள். இருமியபோது துண்டில் இரத்தம். அந்தத் துண்டைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

டாக்டர் அறைக்குப் போனேன். ஜெரால்டும் அங்கே நின்றான். அவனை வெளியே போகச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் நினைத்தேன், எழுதித்தான் ஆக வேண்டும்.

"வீட்ல எலி இருக்கு டாக்டர். நாந்தான் வளக்கேன். கூண்டக் கழுவுற எடத்துலதான் அவ ஒக்காந்து பவளக்கல்லு தேச்சா. பத்து நாளுக்கு மேல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து ஏன் சொல்லல சார்?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எலிக்காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு உடனே அதற்கான ஊசியை ஆரம்பிக்கிறேன், இரத்தத்தை அதற்கும் சோதிக்க அனுப்புகிறேன், இன்றைக்கே டயாலிசிஸ் வேண்டும், நுரையீரலும் பாதித்தால் வென்டிலேட்டர் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நேற்றுத் தெரிந்திருந்தால் என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

வராந்தாவில் ஜெரால்டு என்னை அறைந்தான். கண்ணாடி கழன்று விழுந்தது. இன்னொன்று விழும் என்று நின்றேன். அவன் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழ ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது அடியே மேல் என்று இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

டயாலிசிஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமலியின் இரத்தம் குழாய் வழியே வெளியே போய், கழுவி, திரும்பி வந்தது. வெள்ளைத் துணியில் அவள் முகம் மஞ்சளாகக் கிடந்தது. எனக்கும் முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு எதுவும் வராது என்று தெரியும். விழுங்கினேன்.

பலகையில் என் பெயர் போட்டு எழுதியது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எலிக்கு அது உண்டு, பவளத்துக்கு இது இல்லை. இந்த இரண்டு பிராணிகளும் ஒன்றையொன்று எங்கேயும் சந்திப்பதில்லை, அதனால் ஒப்பிடுவது கடினம் என்று முன்னுரையில் நானே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழாயடியில் சந்தித்தன. ஒன்று அவள் தோலைக் கிழித்தது, இன்னொன்று உள்ளே போனது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

ஏப்ரல் 9, புதன்

மாநகராட்சி ஆட்கள் வந்து கூண்டைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே துரை கிரீச்சென்று கத்தினான். முற்றம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர். அமலி தேய்த்து வைத்த கற்கள் சுவரோரம் வெள்ளை வெளேரென்று வரிசையாக இருந்தன. ஒரு கண்ணில்கூடக் காரை மிச்சமில்லை. நன்றாகச் செய்திருக்கிறாள்.

மேடம் போன் செய்தார்கள். திட்டவில்லை. அதைவிட மோசம். மனைவி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, இனி வர வேண்டாம் இன்னாசி என்றார்கள். சரி என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எலிக்காய்ச்சல்தான். சோதனை முடிவு வந்துவிட்டது.

ஜெரால்டு என்னிடம் பேசுவதில்லை. ஆனால் தேநீர் வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்காருகிறான். குடிக்கிறேன். அவளுக்கு நல்லது செய்ய அவனாவது இருக்கிறானே.

மூச்சு இன்று கொஞ்சம் பரவாயில்லை. வென்டிலேட்டர் வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்றாவது டயாலிசிஸ். சாயங்காலம் நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு விரற்கடை மூத்திரம். ஜெரால்டும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். வாழ்க்கையில் இவ்வளவு அழகான எதையும் நான் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று கண்காட்சி திறப்பு. யார் விளக்கம் சொன்னார்களோ தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு உள்ளே விட்டார்கள். அமலி விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டதும் கண்ணால் பக்கத்தில் வரச் சொன்னாள். குனிந்தேன். நர்ஸ் காதில் விழாதபடி மெல்லப் பேசினாள். அவளுக்கு நாள் போனதே தெரியவில்லை. இன்னும் ஞாயிற்றுக்கிழமையிலேயே இருந்தாள்.

"எலி உண்டான்னு கேட்டாவல்லா? நான் இல்லன்னுட்டேன். நீங்களும் அதையே சொல்லுங்க. மாத்திச் சொல்லிராதிய. வேல போயிரும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீறல்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. சரி, மாற்றிச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"சொல்லிட்டேன் அமலி. அதான் மருந்து குடுத்து ஒன்னப் பிழைக்க வச்சாவ."

அவள் முகம் மலர்வது போல வந்தது. "நான் பொய் சொன்ன ஒடனேயே சொல்லிட்டியளா?"

"இல்ல. மறுநா சாயங்காலம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஆளை இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று யோசிப்பவளைப் போலப் பார்த்தாள்.

"ஒரு நா முழுக்கவா வச்சிருந்திய?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

என் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். ஊசி ஏறும் கை, அதனால் வலிக்கும் என்று நினைத்தேன். ஊசி மற்றக் கையில் இருந்தது.

"தம்பியக் கூப்பிடுங்க" என்றாள்.

வெளியே போய் ஜெரால்டை உள்ளே அனுப்பினேன். ஒருவரைத்தான் விடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.